முன்னால் ஏதாவது நோய் இருந்ததா?

வானதிக்கு முதல் தடவை நெஞ்சு வலித்தது ஐப்பசி முதல் வாரத்தில், நடவு நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில். நடவாட்களுக்கு டீ நிறைந்த தூக்குவாளியோடு வாய்க்கால் கரை ஏறினாள். பாதி ஏற்றத்தில் நடு நெஞ்சில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. வலி தாடை வரைக்கும் இழுத்தது. வாளியைச் சாயாமல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வாயுவைத் தவிர வேறென்ன இருக்கும் என்று மாமியார் பிரகதாம்பாள் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். மறுநாளும் அதே ஏற்றத்தில் அதே வலி வந்தது. அப்போதுதான் வானதி அக்காவுக்கு போன் செய்தாள்.

அக்கா அனுராதா அம்மாப்பேட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நாற்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா ரெங்கசாமி போனபிறகு தங்கைக்கு அம்மா, அப்பா எல்லாம் அவள்தான். அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தாள். தங்கையையும் பிரகதாம்பாளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நீடாமங்கலத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். தங்கை புருஷன் ராம்கி நடவை விட்டு வர முடியவில்லை.

டாக்டர் நிதானமான மனிதர். ஈசிஜி எடுத்துப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. பிரஷர் பார்த்தார், சர்க்கரை பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"முன்னால ஏதாவது நோய் இருந்துதாம்மா? பெரிய சிகிச்சை, ஆபரேஷன், அந்த மாதிரி?"

வானதி வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். திரும்பி அக்காவைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. பக்கத்து நாற்காலியில் பிரகதாம்பாள், மடியில் மருமகளின் கைப்பையை வைத்துக்கொண்டு, டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றாள் அனுராதா. "நான் நர்ஸ்தான். சின்ன வயசுலேர்ந்து நல்லா இருந்த பொண்ணு."

டாக்டர் அதையே எழுதினார். நர்ஸ் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்? அசிடிட்டி மாதிரிதான் தெரிகிறது, திரும்ப வந்தால் தஞ்சாவூர் போய் டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி, பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து நல்லா இருந்தவள் இல்லை.

பதினைந்து வயதில், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால், வானதியின் கழுத்தில் நெறி கட்டியது. கரையவே இல்லை. சென்னைக்குக் கொண்டுபோய்ச் சதையெடுத்துப் பார்த்ததில், நிணநீர்க் கட்டிகளில் வருகிற புற்றுநோய் என்றார்கள். ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். அப்புறம் நெஞ்சிலும் கழுத்திலும் கதிர்வீச்சு. தினமும் ஒரே இடத்தில் கதிர் விழவேண்டும் என்பதற்காக நடு நெஞ்சில் ஊசியால் ஒரு பச்சைப் புள்ளி குத்தினார்கள். நோய் போய்விட்டது. முழுசாகவே போய்விட்டது. முடி முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தது. ஊரில் கேட்டவர்களுக்கு டிபி என்று சொல்லிவைத்திருந்தார் ரெங்கசாமி.

ஆனால் அந்த வருஷம்தான் அனுராதாவுக்கு ஒரத்தநாட்டில் ஒரு வரன் பேசி முடித்து, பூ வைக்க நாள் குறித்திருந்தார்கள். யார் போய்ச் சொன்னார்களோ, மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் வந்து, "அந்த வியாதி ரத்தத்துல வர்றதுங்கிறாங்க, எங்களுக்குப் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனார். அதற்குப் பிறகு அனுராதா தனக்கு வரன் பார்க்க விடவில்லை. தங்கைக்காவது எந்தக் கறையும் இல்லாமல் ஒரு வாழ்க்கை அமையவேண்டும் என்று அன்றைக்கு மனதுக்குள் முடிவு செய்தவள்தான்.

ஒன்பது வருஷம் கழித்து ராம்கி பெண் பார்க்க வந்தான். சிங்கப்பூரில் சம்பாதித்துவிட்டு ஊரோடு வந்து விவசாயம் பார்க்கிறவன். அதிகம் பேசாதவன். வானதிக்குப் பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் துணி எடுக்கும்போது அவள் சொன்னாள்:

"அக்கா, அவர்கிட்ட மட்டுமாச்சும் சொல்லிடறேனே. பாத்தா நல்லவரா தெரியறாரு."

"நல்லவருதான். அவரு நல்லவரா இருந்து என்ன? அவங்கம்மா இருக்காங்க, சொந்தம் இருக்கு. உனக்குக் குணமாயிடுச்சு. இல்லாத வியாதியை எதுக்குச் சொல்லணும்?"

வானதி அழுதாள். பிறகு ஒத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அனுராதா பழைய ஃபைலை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள். வருஷா வருஷம் சென்னைக்குப் போய்க் காட்டிவருவதும் அதோடு நின்றது. கழுத்துத் தழும்பைப் பற்றி ராம்கி கேட்டபோது சின்ன வயதில் விழுந்தது என்றார்கள். நெஞ்சுப் புள்ளியை மச்சம் என்று அவனே நினைத்துக்கொண்டான். மகள் கனிமொழி பிறந்தபோதும் பிரசவ டாக்டர் கேட்டார். அப்போதும் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். நல்லபடியாகவே பிறந்தது குழந்தை. அனுராதாவுக்குத் தான் செய்தது சரி என்று அதற்குப் பிறகு சந்தேகமே வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சுகாதார நிலையத்துக்கு வருகிற பெண்களை அவள் திட்டாத நாள் கிடையாது. "எதையும் மறைக்காம சொல்லுங்கம்மா, நீங்க மறைச்சா டாக்டர் என்ன ஜோசியமா பாப்பாரு?" என்பாள். கர்ப்பிணிகள் அவளுக்குப் பயந்து எல்லாவற்றையும் சொல்வார்கள்.

கிளினிக்குக்குப் போய்வந்த பன்னிரண்டாம் நாள், கனிமொழியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பு மாடியில். மூன்றாவது படியிலேயே வானதிக்கு மூச்சு முட்டியது. பத்தாவது படியில் கைப்பிடியைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. இந்தத் தடவை ஐந்து நிமிஷத்தில் சரியாகவில்லை. டீச்சர் போன் செய்ய, ராம்கி சேற்றுக் காலோடு ஓடி வந்தான். யாருடைய காரிலோ ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனான். அனுராதா சேதி கேட்டு வந்து சேர்ந்தபோது தங்கையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பேசுகிற அளவுக்கு நினைவு இருந்தது என்று சொன்னார்கள். மாரடைப்பு என்றும் சொன்னார்கள்.

அந்த வார்த்தையை அனுராதா வருஷத்துக்கு நூறு தடவை எழுதுகிறவள். அன்றைக்கு அது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆஞ்சியோ எடுத்து முடித்துவிட்டு இதய டாக்டரம்மா வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். ராம்கியையும் அனுராதாவையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"இப்போதைக்குத் தாக்குப்பிடிச்சு நிக்கிறாங்க. ஆனா எனக்கு ஒரு விஷயம் புரியல. முப்பத்திரண்டு வயசு. சுகர் இல்ல, பிரஷர் இல்ல, கொழுப்பும் நார்மல். மத்த ரத்தக்குழாயெல்லாம் பளிச்சுனு இருக்கு. இதயத்துக்குப் போற முக்கியமான குழாய் மட்டும் ஆரம்பிக்கிற வாசல்லயே அடைச்சுக்கிட்டிருக்கு. அறுபது வயசுக்காரங்களுக்குக்கூட இந்த இடத்துல மட்டும் இப்படி வராது." கொஞ்சம் நிறுத்தினார். "ஈசிஜி ஒட்டும்போது பாத்தேன், நடு நெஞ்சில ஒரு பச்சைப் புள்ளி இருக்கு. இவங்களுக்கு முன்னாடி எப்பவாச்சும் நெஞ்சில கதிர்வீச்சு கொடுத்திருக்காங்களா?"

"அது மச்சம் டாக்டர்," என்றான் ராம்கி.

அனுராதா தங்கை புருஷனைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லவில்லை. "டாக்டர், உங்ககிட்ட தனியா பேசணும்," என்றாள். ராம்கி அவளை ஒரு தடவை பார்த்தான். எழுந்து வெளியே போனான்.

கதவு மூடியதும் எல்லாவற்றையும் சொன்னாள். எந்த வருஷம், எத்தனை மாதம் மருந்து, எத்தனை நாள் கதிர்வீச்சு என்று நர்ஸ் சொல்கிற மாதிரியே ஒழுங்காகச் சொன்னாள். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார்.

"அந்த நோய்க்கு அது நல்ல வைத்தியம்தான். அதனாலதான் பொழச்சாங்க. ஆனா கதிர் பட்ட இடத்துல ரத்தக்குழாயோட உள்சுவர் கொஞ்சம் கொஞ்சமா தடிச்சுக்கிட்டே போகும். பத்து, பதினஞ்சு வருஷம் சத்தமே இல்லாம நடக்கும். கேன்சர்லேர்ந்து மீண்டு வந்தவங்க நிறையப் பேருக்கு ரத்தக்குழாய்க்கு மட்டும் சீக்கிரமே வயசாயிடுது. தெரிஞ்சிருந்தா வருஷா வருஷம் பாத்துக்கிட்டே வந்திருக்கலாம். வலி வந்தப்ப எங்கயாச்சும் காட்டினீங்களா?"

"காட்டினோம்."

"அங்க இதைச் சொன்னீங்களா?"

அனுராதா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா மேலே கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டாக்டர், இது அவ வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அவ வாழ்க்கையே…"

"நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. சொல்றதா வேண்டாமாங்கிறது உங்க தங்கச்சி முடிவு பண்ண வேண்டியது. நீங்களும் இல்ல, நானும் இல்ல." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "ஆனா பைபாஸ் பண்ணியாகணும். நெஞ்சுக்குள்ள இருக்கிற ஒரு குழாயை எடுத்துத்தான் வழக்கமா வச்சுத் தைப்பாங்க. கதிர் பட்டிருந்தா அது தேறுமான்னு பாக்கணும். எந்த இடத்துல எவ்வளவு கதிர் கொடுத்தாங்கன்னு பழைய ரிப்போர்ட் வேணும். ஃபைல் இருக்கா?"

"எரிச்சிட்டேன்," என்றாள் அனுராதா.

பதினேழு வருஷம் வெள்ளை கோட் போட்டவள், ஒரு நோயாளியின் ஃபைலை அடுப்பில் போட்டதை ஒரு டாக்டரிடம் சொல்கிறாள். டாக்டரம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, சென்னை ஆஸ்பத்திரிக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை வானதியைப் பார்க்க விட்டார்கள். முகம் வெளுத்திருந்தது, மூக்கில் குழாய். விஷயத்தை டாக்டரம்மா அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"அவரைக் கூப்பிடுக்கா," என்றாள்.

"கொஞ்சம் தேறட்டும்டி, அப்புறமா நான் பக்குவமா…"

"எட்டு வருஷமா நீதான் பேசற. இப்ப நான் பேசறேன். நீ நில்லு."

ராம்கி வந்து கட்டிலோரம் நின்றான். வானதி அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். பதினைந்து வயது, சென்னை, மருந்து, முடி கொட்டியது, புள்ளி. "உங்ககிட்ட சொல்லாம கட்டிக்கிட்டது தப்புங்க," என்றாள். "நான்தான் பயந்துட்டேன்." அக்கா தடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளினிக்கில் நடந்ததையும் சொல்லவில்லை.

அனுராதா சுவரோரம் நின்று கேட்டாள். தங்கை தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது, காட்டிக்கொடுத்ததைவிட மோசமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் தப்பித்துவிடலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்றாள்.

"மாப்ள," என்றாள் பிறகு. "அவ பயப்படல. கல்யாணத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லணும்னு அழுதா. நான்தான் விடல. அன்னைக்கு நீடாமங்கலத்துல டாக்டர் கேட்டப்பவும் அவ சொல்ல வந்தா. ஒண்ணும் இல்லைன்னு நான்தான் சொன்னேன்."

ராம்கி திரும்பவில்லை. வானதியின் கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்தான்.

"அன்னைக்கு அந்த டாக்டருக்குத் தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அன்னைக்கே இங்க அனுப்பியிருப்பாரு."

"பன்னெண்டு நாளு," என்றான் ராம்கி. "பன்னெண்டு நாளும் இவ நடவுக்குச் சோறு தூக்கினா, அண்ணி."

அனுராதாவைத் தாண்டி வெளியே போனான்.

பிரகதாம்பாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகன் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அனுராதா அவள் முன்னால் போய் நின்றாள். காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது.

"உக்காரு," என்றாள் பிரகதாம்பாள். அனுராதா உட்கார்ந்தாள். பிரகதாம்பாள் தொடர்ந்தாள்: "கல்யாணத்துல ஏன் சொல்லலன்னு நான் கேக்க மாட்டேன். சொல்லியிருந்தா இந்தப் பொண்ணை நான் எடுத்திருக்க மாட்டேன். பொய் சொல்ல வேண்டியதில்ல, எடுத்திருக்கவே மாட்டேன். ஆனா டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. நான் இருக்கேன்னு பாத்தியா? வெளில போங்க அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேனே. நான் என்ன அங்க ஒட்டிக்கிட்டா உக்காந்திருந்தேன்?"

அவ்வளவு சின்ன வழி ஒன்று அன்றைக்கு இருந்தது. அது அனுராதாவுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் போனதற்குத் தங்கைமேல் இருந்த பாசம்தான் காரணமா, இல்லை, காப்பி குடிக்காமல் எழுந்துபோன அந்த மனிதர்மேல் பதினேழு வருஷமாக இருந்த கோபமா என்று அவளுக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் சென்னைக்குப் போனாள். பழைய ஏடுகள் வைத்திருக்கிற பிரிவில் ஒரு பெண் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு மணி நேரம் தேடி எடுத்துக் கொடுத்தாள். கதிர்வீச்சுக் கணக்கு, படங்கள், எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் அந்தக் காலத்து டாக்டர் கையால் எழுதிய நாலு வரி இருந்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை இதயப் பரிசோதனை செய்ய வேண்டும். எந்தச் சிகிச்சைக்குப் போனாலும், நெஞ்சில் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். கீழே, வீட்டார் சார்பில் விளக்கம் கேட்டுக்கொண்டவர் என்று ஒரு கையெழுத்து. சுத்தமான, வட்டமான கையெழுத்து. அனுராதாவுடையது. அப்போதுதான் நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். எல்லாம் புரிந்ததா என்று அந்த டாக்டர் கேட்டிருப்பார், புரிந்தது சார் என்று சொல்லியிருப்பாள். திரும்பும் ரயிலில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி திறக்காமலே வந்தாள். எதிரில் இருந்த அம்மாள் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டபோது, "தங்கச்சிக்கு. கேன்சர் வந்து குணமானவ. இப்ப இதயத்துல அடைப்பு," என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னாள். சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஃபைலை ராம்கியிடம் கொடுத்தாள். அவன் கடைசிப் பக்கம் வரை புரட்டினான். கையெழுத்தின்மேல் விரலை வைத்தான். எடுத்தான். டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பைபாஸ் ஆறு மணி நேரம் நடந்தது. நெஞ்சுக் குழாயைத் தொடவில்லை. காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து வைத்துத் தைத்தார்கள். கதிர் பட்ட தசை ஆற நாள் பிடிக்கும் என்றார்கள், அப்படியே பிடித்தது. மூன்று வாரம் கழித்து வானதி வீட்டுக்குப் போனாள், புருஷன் வீட்டுக்குத்தான். அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அனுராதாவும் கேட்கத் துணியவில்லை. செக்கப்புக்கெல்லாம் ராம்கியே கூட்டிப்போனான். முன்பெல்லாம் ஜுரம் என்றால்கூட முதல் போன் அவளுக்குத்தான் வரும். இப்போது மாத்திரை மாற்றியதுகூட அவளுக்கு எப்போதாவது கனிமொழி சொல்லித்தான் தெரிந்தது.

நீடாமங்கலத்து டாக்டரை ஒருநாள் தனியாகப் போய்ப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னாள். "உங்கமேல தப்பில்ல சார், நான் சொன்னதைத்தான் நீங்க எழுதினீங்க," என்றாள். அவர் முகம் மாறியது. ஈசிஜி நார்மலாக இருந்ததே என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு, "இதைச் சொல்ல வந்ததுக்கு நன்றிம்மா," என்றார். ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தாள். கிடைக்கவில்லை. இன்னொருவர் தூக்கத்தையும் கெடுத்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

தை பிறந்து அறுவடை தொடங்கியபோது வானதியே போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வா," என்றாள். அவ்வளவுதான்.

அனுராதா போனாள். ராம்கி களத்தில் இருந்தான். அவளைப் பார்த்ததும், "வாங்க அண்ணி," என்றான், யார் வந்தாலும் சொல்கிற மாதிரி. பிரகதாம்பாள் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வானதி மெலிந்திருந்தாள். ஆனால் அடுப்படியில் நிற்க முடிந்தது அவளால். சேலைத் தலைப்புக்கு மேலே புதுத் தழும்பின் நுனி தெரிந்தது. மறைக்கவில்லை.

"உம்மேல கோவமாத்தான் இருக்கேன்," என்றாள், குழம்பைக் கிளறிக்கொண்டே. "எனக்காகத்தான் பண்ணினேன்னு மட்டும் சொல்லிடாத. அதைக் கேட்டா இன்னும் கோவம் வருது."

"சொல்ல மாட்டேன்."

"எப்பப் போகும்னு தெரியல. போறப்ப போகட்டும். ஆனா அதுக்காக நீ வராம இருக்காத. கனி கேக்கறா."

"சரி."

"தட்டை எடுத்துக்கிட்டு உக்காரு. அவரு வர நேரமாகும்."

அனுராதா தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். வானதி சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிரில் ஒரு பலகையில் உட்கார்ந்தாள். குழம்பில் உப்பு குறைவாக இருந்தது. டாக்டர் சொன்னபடி வீடு முழுக்கவே இப்போது அப்படித்தான் சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. அனுராதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.